மணப்பாட்டு மணலில் ஓர் ஆஸ்திரேலியக் கொடி?

திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மணப்பாடு. கடலுக்குள் மூக்கை நீட்டியது போல ஒரு மணற்குன்று. அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். கடலைப் பார்த்த பக்கத்தில் புனித சவேரியார் தங்கியிருந்த குகை, அதை ஒட்டி நல்ல தண்ணீர்க் கிணறு. வருகிற கூட்டம் பார்ப்பது இவற்றைத்தான். செப்டம்பர் 14ஆம் தேதித் திருவிழாவுக்கு வருபவர்களும் அண்ணாந்து பார்த்தபடியே குன்றேறிப் போய்விடுவார்கள். காலுக்குக் கீழே பார்ப்பவர்கள் குறைவு.

பார்த்தால் என்ன தெரியும்? மணல் மீது விரித்துப் போட்ட பச்சை வலை மாதிரி ஒரு கொடி. தடித்த, பளபளப்பான இலை. ஒவ்வொரு இலையும் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். நடுநடுவே புனல் வடிவத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூ. ஊருக்கு ஊர் பெயர் மாறும்: அடப்பங்கொடி, அடம்பு, ஆட்டுக்கால் கொடி, குதிரைக்குளம்பு. சங்க இலக்கியத்தில் இதன் பெயர் அடும்பு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து கடற்கரையில் மணல்மேடுகளைப் பாதுகாக்கும் குழுக்கள் இதே கொடியை "எங்கள் நாட்டுச் செடி" என்று சொல்லி விதை போட்டு வளர்க்கிறார்கள். மணப்பாட்டுக் கடற்கரையில் வலை உலர்த்துபவரிடம் போய் "இது ஆஸ்திரேலியக் கொடியாமே" என்று கேட்டால் சிரிப்பார். அவருடைய தாத்தாவின் தாத்தா காலத்துக்கு முன்பிருந்தே அது அங்கே கிடக்கிறது!

உண்மையில் இரண்டு பேர் சொல்வதும் சரி. எப்படிச் சரி என்பது பெரிய கதை. அதில் சங்கப் புலவர்கள் வருகிறார்கள், டச்சுத் தளபதி ஒருவர் வருகிறார், சார்லஸ் டார்வின் வருகிறார். கடைசியில் உண்மையாகவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு மரமும் வருகிறது.

மானின் காலடியா, ஆட்டின் காலடியா?

அடும்பைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சாட்சி தமிழில்தான் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். உலகத்தின் எல்லாப் பழைய இலக்கியங்களையும் தேடிப் பார்க்காமல் அப்படி அடித்துச் சொல்வது சரியல்ல. ஆனால் சங்கப் பாடல்களில் இருக்கும் அளவுக்கு இந்தக் கொடியை உற்றுப் பார்த்து எழுதியவர்கள் அபூர்வம்.

குறுந்தொகையின் 243ஆம் பாட்டை எழுதியவர் நம்பி குட்டுவன். அவர் அடும்பின் பிளந்த இலையை மானின் குளம்புக்கு ஒப்பிடுகிறார். பூவைக் குதிரையின் கழுத்தில் கட்டும் மணிக்கு ஒப்பிடுகிறார். இலை, பூ இரண்டையும் ஒரே மூச்சில் படம் பிடித்தது போல இருக்கும். கடற்கரையில் நின்று பார்க்காமல் இந்த உவமை வராது.

ஐங்குறுநூற்றில் நெய்தல் பகுதியைப் பாடிய அம்மூவனார், 101ஆம் பாட்டில் வேறொரு காட்சியைக் காட்டுகிறார். தலைவனின் தேர் வருகிறது. அதன் சக்கரம் பசிய அடும்புக் கொடியை அறுத்துக்கொண்டு மணலில் இறங்குகிறது. தோழி அதைச் செவிலித்தாய்க்குக் காட்டுகிறாள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனாலும் அறுபட்ட கொடி கண்ணில் நிற்கிறது. கடற்கரையில் இன்று ஓடும் வண்டிகளையும் மணலில் பதியும் டயர்த் தடங்களையும் பார்ப்பவர்களுக்கு இந்தப் பாட்டு ஞாபகம் வராமல் இருக்காது.

அகநானூற்றின் 160ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. நிறைசூல் கொண்ட ஆமை கரைக்கு ஏறி, அடும்புக் கொடியை இழுத்துச் சிதைத்து, வெண்மணல் மேட்டின் பக்கத்தில் முட்டையிட்டு மறைத்து வைப்பதை அது சொல்கிறது. கடலாமை முட்டையிடுவதற்கும் மணல்மேட்டுக் கொடிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி இப்போது ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. பாட்டு எழுதியவருக்கு அது கண்ணால் பார்த்த சங்கதி.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களிலும் அடும்பு இருக்கிறது. மலைநாட்டுப் பெண்கள் பறித்த பூக்களின் பட்டியலில் கடற்கரைப் பூ எப்படி வந்தது என்பது தனி விவாதம். அதற்குள் போனால் இந்தக் கட்டுரை திரும்பி வராது.

ஈழத் தமிழர் வழக்கில் இது அடம்பன். மன்னார் மாவட்டத்தில் அடம்பன் என்று ஓர் ஊரே இருக்கிறது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியை யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். தனிக்கொடியைச் சட்டென்று பிய்த்துவிடலாம். நாலைந்து சேர்ந்து முறுக்கிக் கிடந்தால் பிய்க்க முடியாது. மன்னாரும் முத்துக்குளித் துறைதான், மணப்பாடும் முத்துக்குளித் துறைதான். ஒரே வளைகுடாவின் இரண்டு கரைகள்.

காற்று தடுத்த தோணிகள்

மணப்பாட்டில் மணலும் காற்றும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய கடிதம் சாட்சி.

பிரான்சிஸ் சேவியர் 1542ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் இறங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று பரதவர்களின் ஏழு பெரிய துறைகள். இவற்றில் தெற்கே கடைசியில் இருப்பது மணப்பாடு. 1544இல் தன் உதவியாளர் மான்சில்லாசுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பல மணப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் குமரி முனையில் வடுகர் படை புகுந்து சூறையாடியது. மக்கள் கடலில் இருந்த பாறைகளில் போய் ஒளிந்துகொண்டார்கள். சோறும் தண்ணீரும் இல்லை. சேவியர் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆனால் காற்று எதிரே அடித்தது. நாட்கணக்கில் போராடியும் குமரியை நெருங்க முடியவில்லை. திரும்பி மணப்பாட்டுக்கே வந்து, அந்த மக்களுக்காக ஆள் அனுப்பிப் பிச்சை கேட்கச் சொல்லி எழுதினார். (தோணி என்ற தமிழ்ச் சொல்லையே அவர் கடிதத்தில் பயன்படுத்தினார் என்பது ஒரு சுவையான செய்தி.)

ஆனி மாதத்தில் தெற்கே போக முயன்றவரைத் தடுத்தது தென்மேற்குக் காற்று. மே முதல் செப்டம்பர் வரை அது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து இந்தக் கரையை அறையும். குதிரைமொழித் தேரியின் செம்மணல் மலைகளைக் குவித்து வைத்ததும் இந்தக் காற்றுதான். கடலோரத்து வெண்மணலையும் அது சும்மா விடுவதில்லை. கருமேனியாறு கடலில் சேருமிடத்தில் மணல்திட்டு உருமாறிக்கொண்டே இருப்பதை மணப்பாட்டுக் குன்றிலிருந்து பார்க்கலாம்.

இந்தக் கடற்கரையின் வரலாறே ஒரு வகையில் மண்ணும் மணலும் இடம் மாறிய வரலாறு. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிறு கிராமம். அதன் பின் வந்த காயலும் கடலை இழந்தது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறைமுகங்களை மூடியது. காற்று கொண்டுவந்த மணல் வயல்களை மூடியது. இப்படிப்பட்ட இடத்தில் மணலைப் பிடித்து நிறுத்துகிற ஒரு கொடி என்பது சாதாரண விஷயம் இல்லை.

பெயர் வைத்த கதை

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர்கள் கைக்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு ஒரு மாபெரும் வேலையைத் தொடங்கினார். அதுதான் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மலபார்ச் செடிகளைப் படத்துடன் விவரித்த அந்த நூலுக்கு அறிவு கொடுத்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர்.

1692இல் வந்த 11ஆம் தொகுதியில் அடும்பின் படம் இருக்கிறது. பெயர் "சுவன்ன அடம்பு". அதாவது சிவந்த அடம்பு! சங்கப் புலவர்கள் சொன்ன பெயர் ஏறக்குறைய அப்படியே லத்தீன் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் உலகச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது இந்தக் கொடிக்குக் "கன்வால்வுலஸ் பெஸ்-காப்ரே" என்று பெயர் வைத்தார். பெஸ்-காப்ரே என்றால் ஆட்டின் பாதம். நம்பி குட்டுவன் பார்த்தது மானின் பாதம், லின்னேயஸ் பார்த்தது ஆட்டின் பாதம். இலை என்னவோ ஒன்றுதான். மானா ஆடா என்பதை இலையைப் பறித்துப் பார்த்து அவரவரே முடிவு செய்யட்டும். மான் பக்கம் கொஞ்சம் கூடுதல் நியாயம் இருப்பதாகத்தான் தெரிகிறது.

இன்று வழக்கில் உள்ள "ஐப்போமியா பெஸ்-காப்ரே" என்ற பெயரை 1818இல் தந்தவர் ராபர்ட் பிரவுன். ஆஸ்திரேலியா இங்கேதான் கதைக்குள் வருகிறது. பிரவுன், மேத்யூ ஃபிளின்டர்ஸின் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் 1801இல் கிளம்பி ஆஸ்திரேலியக் கரையைச் சுற்றி வந்தவர். அந்தக் கண்டத்தின் செடிகளை அவர் அளவுக்குத் தெரிந்தவர் அந்தக் காலத்தில் இல்லை. அவர் இந்தப் பெயரை வைத்தது ஆப்பிரிக்காவின் காங்கோ நதியிலிருந்து வந்த செடிகளைப் பற்றி எழுதும்போது! அதாவது இந்தியாவில் லின்னேயஸ் குறித்த கொடி, ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் அறிந்த ஒருவரால் பெயர் மாற்றம் பெற்றது. இத்தனை தூரத்துக் கரைகளில் ஒரே கொடி எப்படி வந்தது என்ற கேள்வி அந்தக் காலத்து அறிஞர்களைத் தூங்கவிடவில்லை.

உப்பு நீரில் விதைகள்

1855இல் சார்லஸ் டார்வின் தன் வீட்டில் பாட்டில் பாட்டிலாக உப்பு நீர் ஊற்றி அதில் விதைகளைப் போட்டு வைத்தார். கடலில் மிதந்த பிறகும் விதை முளைக்குமா என்று பார்க்க வேண்டும். நண்பர் ஹூக்கருக்கு இதில் நம்பிக்கை இல்லை. டார்வின் சோதித்த 87 வகை விதைகளில் 64 வகை, 28 நாள் உப்பு நீரில் கிடந்த பிறகும் முளைத்தன. சில 137 நாள் கழித்தும் முளைத்தன. ஆனால் பெரும்பாலான விதைகள் மூழ்கிவிட்டன. மூழ்கினால் கடல் கடப்பது எப்படி? காயோடும் கிளையோடும் உலர்ந்திருந்தால் சில மிதக்கும் என்று பிறகு கண்டார். 1859இல் வந்த "உயிரினங்களின் தோற்றம்" நூலில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது.

டார்வின் சோதித்தது பெரும்பாலும் தோட்டத்துச் செடிகளின் விதைகள். அடும்புக்கு இந்தச் சிரமமே இல்லை. அதன் விதை தானாகவே மிதக்கும். காய் ஒன்றுக்கு 4 விதை. பட்டாணியை விடக் கொஞ்சம் பெரியது. மேலே பழுப்பு நிறத்தில் மென்மயிர் போர்த்தியிருக்கும். ஓடு கடினம், தண்ணீர் உள்ளே புகாது. உள்ளே மடங்கிக் கிடக்கும் விதையிலைகளுக்கு நடுவே காற்று இருக்கும். ஹென்றி கப்பி என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் பசிபிக் தீவுகளில் பல ஆண்டுகள் சுற்றி 1906இல் எழுதிய நூலில், மாதக்கணக்கில் மிதக்கும் விதைகளின் வரிசையில் இதையும் வைத்தார்.

இதற்கு இயற்கையே ஒரு சோதனையும் நடத்திக் காட்டியது. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்து அந்தத் தீவில் புல் பூண்டு இல்லாமல் போயிற்று. 1897இல் தாவரவியலாளர்கள் போய்ப் பார்த்தபோது கடற்கரை மணலில் அடும்பு படர்ந்திருந்தது. யாரும் கொண்டுபோய் நடவில்லை. மணற்கரையில் முதல் வரிசையில் வளரும் செடிக் கூட்டத்துக்கு "பெஸ்-காப்ரே கூட்டம்" என்றே ஷிம்பர் என்ற ஜெர்மானியர் 1891இல் பெயர் வைத்திருந்தார். மொத்தக் கூட்டத்துக்கும் தலைவர் பெயர் இந்தக் கொடியின் பெயர்தான்!

2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உலகின் பல கரைகளிலிருந்து அடும்பின் மரபணுக்களை எடுத்து ஒப்பிட்டார்கள். மிதக்கும் விதைகளால்தான் இந்தக் கொடி உலகம் முழுவதும் ஒரே இனமாக நீடிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கண்டங்கள் பிரித்தாலும் கடல் சேர்த்து வைக்கிறது.

ஒரு சிறு வேறுபாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. அடும்பில் இரண்டு துணையினங்கள் உண்டு. இலை மேலோட்டமாகப் பிளந்த வகை ஆஸ்திரேலியா முதல் பிரேசில் வரை பரவியிருக்கிறது. இலை ஆழமாகப் பிளந்த வகை இந்தியப் பெருங்கடல் கரைகளுக்கு உரியது. லின்னேயஸ் இவற்றை இரண்டு தனி இனங்களாகவே 1753இல் எழுதி வைத்தார், ஒன்று இந்தியாவினது, மற்றது பிரேசிலினது. ஆக, குவின்ஸ்லாந்துக் கொடியும் நம்மூர்க் கொடியும் அண்ணன் தம்பி என்று சொன்னால் தப்பில்லை. கவைத்த இலை என்று புலவர்கள் பாடியது நம்மூர்த் தம்பியைத்தான்.

விதையிலிருந்து வளர்ப்பது

கடலைத் தாண்டும் விதைக்கு ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் புகாத ஓடு இருப்பதால்தான் அது மிதக்கிறது. அதே ஓடு இருப்பதால்தான் மண்ணில் போட்டாலும் முளைப்பதில்லை! காயிலிருந்து எடுத்த விதையை அப்படியே தொட்டியில் ஊன்றிவிட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பலர் "விதை செத்துப்போச்சு" என்று தூக்கி எறிவது இதனால்தான்.

இயற்கையில் இந்த ஓட்டை உடைப்பது மணல். அலையிலும் காற்றிலும் உருண்டு உருண்டு உராய்ந்து, வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, எப்போதோ ஒரு கீறல் விழும். அப்புறம் தண்ணீர் உள்ளே போகும். வளர்க்க நினைப்பவர் செய்ய வேண்டியதும் இதேதான். நன்றாக முற்றிப் பழுப்பான காயிலிருந்து விதையை எடுத்து, அரத்திலோ உப்புத்தாளிலோ ஓர் ஓரத்தைத் தேய்க்க வேண்டும். உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். முளை கிளம்பும் தழும்புப் பக்கத்தைத் தேய்க்கக் கூடாது. பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் சில விதைகள் ஊதிப் பெரிதாகியிருக்கும். அவை தயார். ஊதாதவற்றை மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

ஆற்று மணல் நிரம்பிய தொட்டியில் விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் போதும். முதலில் வரும் விதையிலைகளே இரண்டாகப் பிளந்திருக்கும், பார்க்க அழகாக இருக்கும். முழு வெயில் வேண்டும். எருவெல்லாம் போட்டு உபசாரம் செய்தால் இலை மட்டும் கொழுக்கும். கடற்கரையில் கொண்டுபோய் நடுவதாக இருந்தால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் நல்லது, வேர் ஆழமாக இறங்கும்வரை மழை பார்த்துக்கொள்ளும். வேர் இறங்கிய பிறகு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலில் ஓடத் தொடங்கும்.

ஆஸ்திரேலியத் தோட்டக்காரர்களுக்கு இந்த வித்தை பழக்கமானது. அங்கே வீட்டு வேலிகளில் ஏற்றும் ஹார்டன்பெர்ஜியா, கென்னடியா போன்ற பூங்கொடிகளின் விதைகளும் இதே பிடிவாதம் பிடித்தவை. கொதித்து இறக்கிய நீரை அவற்றின் மேல் ஊற்றி ஊற வைப்பார்கள். ஹார்டன்பெர்ஜியா என்ற பெயருக்குப் பின்னால் ஓர் இந்தியத் தொடர்பும் உண்டு. ஆஸ்திரியப் பிரபு கார்ல் ஃபான் ஹூகல் 1830களில் இந்தியாவில் பயணம் செய்துவிட்டு ஆஸ்திரேலியா போய்ச் செடிகள் சேகரித்தார். அவருடைய சகோதரி ஹார்டன்பெர்க் சீமாட்டியின் பெயரைத்தான் 1837இல் பெந்தம் அந்தக் கொடிக்குச் சூட்டினார். அடும்புக்கு எந்தச் சீமாட்டியும் கிடைக்கவில்லை, ஆட்டுக்கால்தான் கிடைத்தது!

மணலைக் கட்டும் வேலை

கர்னல் ஹீபர் டிரூரி 1858இல் சென்னையில் வெளியிட்ட இந்தியப் பயன்தரு தாவரங்கள் பற்றிய நூலில் அடும்புக்கும் இடம் உண்டு. கடற்கரையின் தளர்ந்த மணலை இது கட்டிப்பிடிக்கிறது, நாளடைவில் வேறு பயனுள்ள செடிகள் நிற்கும் அளவுக்கு மணலை உறுதியாக்குகிறது என்கிறது அந்த நூல். ஆடும் குதிரையும் இதைத் தின்னும், மாடு தின்றால் பால் கெட்டுப்போகும் என்றும் சொல்கிறது.

வேலை நடக்கும் விதம் இதுதான். காற்று கொண்டுவரும் மணல் கொடியின் இலைகளில் தட்டி விழும். கொடி மணலில் புதையும். புதைந்தால் சாவதில்லை, மேலே எழும்பி மறுபடி படரும். மறுபடி மணல், மறுபடி கொடி. இப்படியே மேடு உயரும். பக்கத்தில் இராவணன் மீசைப் புல் வந்து சேர்ந்துகொள்ளும். அதன் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டோடும் அழகே தனி. முன்வரிசையில் இந்த இரண்டும் நின்ற பிறகுதான் பின்னால் தாழை, குடைவேல் எல்லாம் வரும்.

மருந்தாகவும் இது இரண்டு கண்டங்களுக்கும் பொது. வடக்கு ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் இலையைச் சூடாக்கித் திருக்கை முள் குத்திய இடத்தில் வைப்பார்கள். தாய்லாந்தில் சொறிமீன் பட்ட தடிப்புக்கு இந்த இலையைப் பயன்படுத்துவது மரபு. அங்குள்ள ஆய்வாளர்கள் 1991இல் இதன் சாறு சொறிமீன் நஞ்சைத் தணிப்பதைச் சோதனையில் காட்டினார்கள்.

உண்மையான ஆஸ்திரேலியர்

இனி அந்த மரம். சவுக்கு. வடக்கு ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் அதன் தாயகம். தமிழகக் கடற்கரையில் அது பெருமளவில் நடப்பட்டது 19ஆம் நூற்றாண்டில். ரயில் என்ஜினுக்கு விறகு வேண்டும், சென்னை அடுப்புகளுக்கு விறகு வேண்டும், மணலில் வேகமாக வளரும் மரம் வேறு இல்லை. நட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. பல ஏழைக் குடும்பங்களுக்குச் சவுக்கு சோறு போட்டது, இன்றும் போடுகிறது.

26-12-2004 அன்று சுனாமி வந்தது. 2005இல் "சயன்ஸ்" இதழில் வந்த ஆய்வு, கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. அந்த மரங்களில் சவுக்கும் உண்டு. கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதுதான் ஊர்களைக் காப்பாற்றியது என்று வேறு சிலர் மறுத்தார்கள். விவாதம் முடியும் முன்பே உலக வங்கி உதவியுடன் தமிழகக் கரையோரம் சவுக்குப் பட்டைகள் நடப்பட்டன. பல இடங்களில் ஏற்கனவே இருந்த மணல்மேடுகள் மீதே நட்டார்கள்.

சவுக்கின் அடியில் உதிர்ந்த ஊசிச் சருகு மெத்தை போல் மூடிக்கொள்ளும். நிழலும் சேர்ந்துவிட்டால் அடும்புக்கு வேலை இல்லை, அதற்கு முழு வெயில் வேண்டுமே. வட தமிழகக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடங்களை ஆராய்ந்தவர்கள், சவுக்கு கடலை ஒட்டி நெருங்கிய இடங்களை ஆமைகள் விரும்புவதில்லை என்று கண்டார்கள். நிழலால் மணலின் சூடும் குறைகிறது. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதே மணலின் சூடுதான். அகநானூற்று ஆமை இழுத்துப் போட்ட கொடியின் இடத்தில் இப்போது சருகு மெத்தை! மரத்தைக் கொஞ்சம் பின்தள்ளி, மணல்மேட்டின் முன்பக்கத்தைக் கொடிக்கு விட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

இதே தப்பைத் திருப்பிப் போட்டுச் செய்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மண் பாதுகாப்புத் துறை, மணல்மேட்டைக் கட்டுவதற்காக 1946 முதல் 1968 வரை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பிட்டூ என்ற புதரை நட்டது. அது கரையெங்கும் பரவி உள்நாட்டுச் செடிகளை அமுக்கிவிட்டது. இன்று அந்நாட்டின் மிக மோசமான களைகளின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. அரசே நட்டதை இப்போது ஊர்க்குழுக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிடுங்கிக்கொண்டிருக்கின்றன. பிடுங்கிய இடத்தில் ஸ்பினிஃபெக்ஸ் புல்லும், சூடான வடபகுதியில் ஆட்டுக்கால் கொடியும் நடுகிறார்கள். அந்த ஸ்பினிஃபெக்ஸ், இராவணன் மீசையின் நெருங்கிய உறவு.

சட்டப்படி இந்தியாவில் மணல்மேடுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. 2011இலும் 2019இலும் வந்த கடலோர ஒழுங்காற்று அறிவிக்கைகள் மணல்மேட்டை மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வைக்கின்றன. ஆனால் மேட்டின் மேல் என்ன வளர வேண்டும் என்பதை அறிவிக்கை சொல்லாது. மரம் நட்டால் படம் எடுத்துப் போடலாம், கணக்குக் காட்டலாம். கொடியை யார் எண்ணுவது?

மணப்பாட்டுக்குப் போகிறவர்கள் அடும்பின் பூவைப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏற ஏற இதழ் சுருங்கத் தொடங்கும். மதியத்துக்குப் பிறகு போனால் வாடிய பூவும், அதன் பக்கத்தில் மறுநாளைக்கான மொட்டும்தான் இருக்கும். காய்ந்த காய் கண்ணில் பட்டால் உடைத்து ஒரு விதையை நகத்தால் அழுத்திப் பார்க்கலாம், நகம்தான் வலிக்கும்.